ஜப்பானியப் பந்தியில் ஒரு கிண்ணம் சாறு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீனைச் செவுளின் சிவப்பைக் கொண்டும் கண்ணின் தெளிவைக் கொண்டும் நொடிப்பொழுதில் தரம் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கும், சிதம்பரத்தில் சம்பா சாதத்தையும் கத்தரிக்காய்க் கொத்சுவையும் உண்டு வளர்ந்தவர்களுக்கும், உயர்தர ஜப்பானியப் போஜனசாலை என்றவுடன் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுவது சகஜமே. பச்சை மீன், உண்பதற்குக் குச்சிகள், விலையோ அபாரம் என்று கேள்விப்பட்ட அளவில் நின்றுவிடுகிறவர்கள் அநேகர். ஆயினும், நம் கரையோர மக்களைப் போல அந்தப் போஜனத்தின் நுட்பத்தை உணர்ந்து ரசிக்கத் தகுதி பெற்றவர்கள் வேறு எவரும் இலர் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய போஜனசாலையைக் காண வெளிநாட்டுப் பிரயாணம் தேவையில்லை. மும்பையின் தாஜ்மஹால் ஹோட்டலில், புகழ்பெற்ற சமையற்கலைஞர் மசாஹாரு மோரிமோட்டோவின் பெயரால் 'வசாபி' 2004-இல் தொடங்கப்பெற்றது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகியதன் பயனாகச் சென்னையிலும் அந்நாட்டு உணவகங்கள் பல இருக்கின்றன. நுங்கம்பாக்கத்து 'டாலியா' அவற்றுள் பலரும் அறிந்தது.

ஜப்பானிய விருந்துகளில் தலைசிறந்தது 'கைசெகி'. பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்னும் தேநீர் ஆசான் வகுத்தளித்த எளிய உபசாரத்திலிருந்து கிளைத்த இம்முறையில், பதார்த்தங்கள் ஒருங்கே இலை நிரம்பப் பரிமாறப்படுவதில்லை. பச்சை மீன், சாறு, சுட்டது, வேகவைத்தது, இறுதியில் சோறும் ஊறுகாயும் எனச் சிறு சிறு அளவில், பருவத்துக்கு உரிய பொருள்களைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவ்விருந்தில் புதியவர்களின் கவனம் பெரும்பாலும் மீன் துண்டுகளின் அழகிலேயே லயித்துவிட, மூடியிட்ட கிண்ணத்தில் வரும் தெளிந்த சாறு ஆறிப்போகிறது. இது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் அந்தச் சமையலின் ஜீவன் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

'தாஷி' எனப்படும் அச்சாற்றுக்கு இரண்டே பொருள்கள் போதும். கொம்பு என்னும் கடற்பாசியை நீரில் இட்டு மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிட்டு, கட்சுவோபுஷியின் மெல்லிய சீவல்களைத் தூவிச் சற்றே ஊறவிட்டு வடித்துவிடுகிறார்கள். கட்சுவோபுஷி வேறொன்றுமன்று; சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தி எடுப்பது. இலங்கைச் சம்பலிலும் இலட்சத்தீவின் மினிக்காயிலும் மணக்கும் நம் மாசிக் கருவாட்டுக்கு அது உடன்பிறப்பு. அதன் உயர்ந்த ரகத்தில் மட்டும், ஒருவகைப் பூஞ்சணத்தைப் படரவிட்டு வெயிலில் காயவைப்பதை மீண்டும் மீண்டும் மாதக்கணக்கில் செய்வதால், இழைப்புளி போன்ற கருவியால் சீவவேண்டிய அளவுக்கு அது இறுகிவிடுகிறது. கொம்பின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்பதை 1908-இல் கிகுனே இக்கேதா கண்டறிந்து அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். கட்சுவோபுஷியில் உள்ள இனோசினேட்டை 1913-இல் கொடாமா கண்டார். இவ்விரண்டும் கூடும்போது சுவை பன்மடங்காகப் பெருகுகிறது. எண்ணெயும் தாளிப்புமின்றி அந்தச் சாறு நாவில் நிலைப்பதன் ரகசியம் இதுவே.

பச்சை மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். புதிய மீன் யாவும் பச்சையாக உண்ணத்தக்கது என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழுக்கள் அதில் இருக்கக்கூடும். அவை மடிய மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாட்களாவது மீனை உறைய வைத்திருத்தல் வேண்டும். தொலைகடல் செல்லும் ஜப்பானியக் கப்பல்கள் சூரையை மைனஸ் 60 டிகிரியில் பாதுகாக்கின்றன. ஆகவே ஏலத்தில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக உண்டு பார்க்கும் விபரீதம் எவருக்கும் வேண்டாம்.

ஆசாரங்கள் சிலவே. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நாட்டுவதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஈமச் சடங்கை நினைவூட்டுவன என்பதால் தகாதவை. சோற்றின்மேல் மீன் வைத்த சுஷியைக் கையாலேயே எடுத்து உண்ணலாம். அதில் குறைவேதும் இல்லை.

சைவ உணவினர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். காய்கறிப் பதார்த்தம் எனச் சொல்லப்படுவதிலும் தாஷியின் வாயிலாக மீன் கலந்திருப்பது சர்வசாதாரணம். மீன் இல்லை என்ற பதிலோடு திருப்தியடையாமல், சாறு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று வினவுதல் நலம். பௌத்த மடங்களில் வளர்ந்த 'ஷோஜின் ரியோரி' என்னும் புலாலற்ற சமையல் மரபில் கொம்பையும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானையும் கொண்டே சாறு எடுக்கிறார்கள். சமையற்கட்டின் கடமைகளையே பொருளாகக் கொண்டு தோகென் என்னும் ஜென் துறவி 1237-இல் ஒரு நூல் இயற்றினார் என்றால், அம்மடங்களில் அடுப்படிக்கு இருந்த மதிப்பை அறியலாம். அந்தச் சாற்றில் சமைத்துத் தரும்படி இடம் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டால், சமையற்காரருக்கும் ஆயத்தம் செய்ய அவகாசம் கிடைக்கும்.