உள்ளே பூரணம், கீழே தணல்

தடித்த மாட்டிறைச்சித் துண்டைத் தணலில் வாட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். சூடும் முதலில் அங்கேதான் ஏறுகிறது. அதே ஸ்டீக்கைக் கீறிக் கீரையும் சீஸும் அடைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. கத்தி பட்ட இடமெல்லாம் கிருமி உள்ளே போக வழி.

அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்குக் கேட்பது 63 டிகிரி செல்சியஸ். அடைத்த பூரணத்துக்கோ 74. பூரணம் இருப்பது நட்டநடுவில், சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில். அதுவரை வெளிப்புறம் கருகாமல் இருக்க வேண்டுமே! அதற்கு ஒரே அடுப்பில் இரண்டு விதமான சூடு வேண்டும்.

மூடி போட்ட உருண்டை அடுப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. சிகாகோவில் மிதவைகளுக்கான இரும்புக் கோளங்கள் செய்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952-இல் அப்படிப்பட்ட கோளத்தைப் பாதியாக வெட்டி இதை உருவாக்கினார். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கினால் அங்கே நேரடித் தணல். மறுபக்கம், மூடிக்குள் சுழலும் வெப்பக் காற்று.

அடைப்பதற்கு ஏற்றது ஃபிளாங்க் எனப்படும் அடிவயிற்றுத் தசை. பக்கவாட்டில் கத்தி செலுத்தி, மறுமுனையில் விரற்கடை அளவு விட்டு, புத்தகம்போல் விரிக்க வேண்டும். கீரையை வதக்கி, ஒட்டப் பிழிந்து, ரொட்டித்தூளோடு பிசைந்து பரப்பலாம். உருகும் சீஸ் தணலில் சொட்டினால் தீ எழும்பிப் புகைக்கரி படியும். ரொட்டித்தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். தசைநார்கள் சுருளின் நீளவாக்கில் ஓடும்படி சுருட்டி, பருத்தி நூலால் கட்ட வேண்டும்.

முதலில் தணலுக்கு நேர் மேலே. ஈரம் காயாத பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே துணியால் ஒற்றி எடுப்பது அவசியம். சுமார் 140-க்கு மேல் புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மாய்யார். இந்தச் சூடு சாற்றை உள்ளே பூட்டிவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; அது உண்மையல்ல, கிடைப்பது சுவைதான். எல்லாப் பக்கமும் சிவந்ததும் கரியில்லாத பக்கத்துக்கு மாற்றி மூடிவிட வேண்டும்.

வெப்பமானியின் நுனி பூரணத்தின் நடுவில் நிற்க வேண்டும், இறைச்சியில் அல்ல. பூரணம் 74-ஐத் தொடும்போது இறைச்சி நன்றாக வெந்துவிட்டிருக்கும். நடுவே சிவப்பாக இருப்பதை விரும்புகிறவர்கள் பூரணம் அடைக்காத ஸ்டீக்கையே வாட்டுவது நல்லது. இறக்கியபின் பத்து நிமிடம் ஆறவிட்டு, நூலை அவிழ்த்து, சுருளைக் குறுக்கே வில்லைகளாக நறுக்கலாம். நார்கள் குட்டையாக வெட்டுப்படுவதால் இந்த முரட்டுத் தசையும் மெல்ல இலகுவாகிறது.