தொட்டறியும் தொல்பழங்காலம்

எழுத்து தோன்றுவதற்கு முந்தைய மனித வாழ்வைத் தொல்லியல் அறிஞர்கள் தொல்பழங்காலம் என்பர். அதன் பிற்பகுதி, கற்கருவிகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் முறை பரவிய புதிய கற்காலம் ஆகும். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன் கண்டியூரில், 2006ஆம் ஆண்டு, வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி வெட்டிய பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அக்காலக் கைக்கோடரி கிடைத்தது. அதிலுள்ள குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார்.

இக்கருவியின் அருமையை வகுப்பறைக்கு வெளியேதான் மாணவர் முழுமையாக உணர முடியும். வாய்க்கால் கரை மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளை நீரில் கரைத்து வைத்தால், மணல் அடியிலும் நுண்ணிய வண்டல் அதன் மேலும் படிவதைக் காணும் மாணவர், காவிரி கொண்டுவந்து சேர்த்த இம்மண்ணில் பாறை இல்லை என்பதையும், ஆகவே கோடரிக்கான கல் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதையும் தாமே உய்த்துணர்வர். கருங்கல் சில்லு ஒன்றை ஈர மணல் தூவிய கல்லின்மீது அரை மணி நேரம் தேய்த்தும் விளிம்பு சிறிதளவே மழுங்குவதைக் காணும்போது, பண்டை மனிதரின் பொறுமையும் திறனும் அவர்களுக்குப் புலப்படும்.

வயலிலோ கொல்லையிலோ பழம்பொருள் தென்பட்டால், அதைத் தேய்க்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிப்பதே முறை. ஏனெனில் கிடைத்த இடம் அறியப்படாத கருவி தன் வரலாற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.