ஒடுங்கிய தகட்டை நிமிர்த்துதல்

மோதுண்ட காரின் மட்கார்டைக் காணும் எவருக்கும் அந்தத் தகடு முழுவதுமே நாசமாகிவிட்டதென்ற எண்ணம் எழுவது சகஜம். ஆயினும் அந்த ஒடுக்கில் உண்மையாகவே கெட்டுப்போன இடம் சொற்பமென்பதும், மிச்சமுள்ள பெரும்பகுதி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பக் காத்திருக்கையில் ஓரத்து மடிப்புகள் சிலவே அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதும், டிங்கரிங் வேலையில் கைதேர்ந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் விஷயங்கள். இதை அறியாதவர் சுத்தியலை எடுத்துக் குழியின் நடுவில் உட்புறமிருந்து ஓங்கி அடிப்பாரானால், மோதல் விளைவித்ததைக் காட்டிலும் அதிக சேதத்தை அவரே விளைவித்துவிடுவார்.

காரணம் உலோகத்தின் சுபாவத்தில் இருக்கிறது. கார்த் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்தான். எஃகில் ஒழுங்கான வரிசைகளில் அமைந்துள்ள அணுக்கள், தகடு சிறிதளவே வளையும்போது சற்று விலகி, விசை நீங்கியதும் தத்தம் ஸ்தானத்துக்கு மீண்டுவிடுகின்றன. ஓர் எல்லையைக் கடந்து வளைந்துவிட்டாலோ, அவ்வரிசைகளில் இயற்கையாகவே உள்ள பிறழ்வுகள் நகரத் தொடங்கி, மாற்றம் நிரந்தரமாகிவிடுகிறது. 1934-ஆம் ஆண்டில் டெய்லர், ஓரோவான், பொலானி என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் சாராமல் எடுத்துரைத்த தத்துவம் இது. நகரும் பிறழ்வுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், ஒருமுறை மடிந்த இடம் முன்னிலும் கடினமாகிவிடுகிறது. வளைந்த கம்பியை நிமிர்த்த முயன்றால் பழைய வளைவு அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு உண்டாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தகட்டிலும் அதே கதைதான்.

ஆகவே சேதம் எந்த வரிசையில் நேர்ந்ததோ, அதைத் தலைகீழாக்கி வேலையைத் தொடங்குவதே முறை. மோதிய இடத்தில் குழி முதலில் விழுந்து, அது ஆழமாகிப் பரவப் பரவ, ஓரத்தில் மேடாகப் புடைத்த மடிப்பு கடைசியில் தோன்றியதாதலால், அந்த மேடே முதலில் தணிய வேண்டும். டாலி என்ற கனத்த இரும்புக் கட்டியை உட்புறத்தில் பள்ளத்துக்கு நேரே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறத்தில் அதற்குச் சற்று விலகியுள்ள மேட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், ஒவ்வொரு தட்டுக்கும் மேடு இறங்க, பள்ளம் எழும்பும். டாலியும் சுத்தியலும் நேருக்கு நேர் சந்திக்கும்படி அடித்தாலோ, இடையில் அகப்பட்ட தகடு நசுங்கி மெலிந்து விரியும். விரிந்த இடம் பிற்பாடு விரல் பட்டதும் உள்ளும் வெளியுமாக டப்பென்று துள்ளும். சாதாரண எஃகாயின், அவ்விடத்தில் ஒரு சிறு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சிக் குளிரவிட்டால், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விரியவிடாமல் தடுப்பதால் அது தடித்து, ஆறும்போது சுருங்கிக்கொள்ளும். மேடுபள்ளத்தை அறியக் கண்ணைவிடக் கையே உத்தமம்: மெல்லிய துணியொன்றை விரித்து உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகு அரத்தை இலேசாக இழுப்பார்கள், பளிச்சிட்ட இடம் மேடு, அரம் தீண்டாமல் மங்கி நிற்கும் இடம் பள்ளம்.

இவ்வளவு பிரயாசைக்கும் பதிலாகக் குழியைப் பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடும் வழக்கம் பெருகிவருவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. பட்டியை நான் குறை கூறவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு குறைகளைச் சமன்செய்ய அது அவசியமே. கனமாக அப்பினாலோ, வெயிலில் எஃகும் பட்டியும் வெவ்வேறு அளவில் விரிவதால் நாளடைவில் வெடிப்பு காண்கிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சுமாதலால் அடியில் துருவும் பிடிக்கிறது. துணி சுற்றிய சிறு காந்தத்தை எஃகுத் தகட்டின்மேல் நகர்த்திப் பார்த்தால், அது பிடிப்பிழக்கும் இடத்தில் பட்டி தடித்திருப்பது தெரிந்துவிடும்.

வெளித்தகட்டுக்குச் சொன்ன நியாயம் உட்கட்டமைப்புக்குச் செல்லாது. முன்பகுதி தானே மடிந்து மோதலின் வேகத்தை ஏற்றுக்கொள்ள, பிரயாணிகள் அமரும் அறை மட்டும் உறுதியாக நிற்க வேண்டுமென்ற யோசனைக்குப் பேலா பாரேன்யி என்ற பொறியாளர் 1951-இல் காப்புரிமை கோரினார். 1959-இல் அவ்வமைப்போடு மெர்சிடிஸ் கார் வெளிவந்தது. இவ்வாறு மடிவதற்கென்றே அமைந்த சட்டம் ஒருமுறை மடிந்தபின் நிமிர்த்தப்பட்டால், கடினப்பட்ட அதே இடம் அடுத்த விபத்தில் எதிர்பார்த்தபடி மடியாது; அதை மாற்றுவதே சரி. நடுத்தூண்கள் பல கார்களில் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் அச்சில் அழுத்தி அந்த அச்சிலேயே விரைவாகக் குளிர்விக்கப்பட்ட போரான் எஃகினால் ஆனவை. அவற்றைச் சுடரில் காட்டினால் அந்த வலிமை அக்கணமே போய்விடும். சட்டம் கோணாமல் நிற்கிறதா என்றறிய, பானட்டின் இருபுற இடைவெளியும் சமமாயிருக்கிறதா, எஞ்சின் அறையின் இரு மூலைவிட்டங்களும் ஒரே நீளமா என்று டேப்பால் அளந்து காட்டச் சொல்வது, காருக்கு உரியவர் தயங்காமல் கேட்கத்தக்கது.

வெல்டிங் நடந்த இடமெல்லாம் உட்புறத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்குமாதலால், வெளியில் பளபளக்கும் பெயின்டைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், உள்ளே துருத் தடுப்பு மெழுகு தெளித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். கதவின் அடியோரத்து வடிகால் துளைகள் பட்டியாலோ பெயின்டாலோ அடைபட்டிருந்தால், மழைநீர் உள்ளேயே தேங்கி நிற்கும். வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்குமுன் குனிந்து பார்த்து, அங்கேயே திறக்கச் சொல்லிவிடலாம்.