போர் முடிந்தது, வீடு திரும்பவில்லை



அகதி என்றதும் நம் கண்முன் வருவது மூட்டை முடிச்சுடன் ஓடும் மனிதர்தான். அவர் உயிர் பிழைத்து ஓரிடம் சேர்ந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அதன் பிறகுதான் நீண்ட சோதனை தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் குடியமர்ந்த போலந்து குடும்பங்களின் கதை இதற்கு ஒரு சான்று.

1939 செப்டம்பரில் போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ரஷ்யாவும் கைப்பற்றின. 1940 பிப்ரவரி முதல் கிழக்குப் பகுதிக் குடும்பங்கள் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் சரக்கு ரயில்களில் கொண்டு செல்லப்பட்டன. 1941இல் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியதும் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. 1942இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் காஸ்பியன் கடல் கடந்து ஈரானில் கரையேறினர். பசியும் டைபஸ் காய்ச்சலும் அங்கேயும் பலரைப் பலிகொண்டன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இஸ்பஹான் நகரம் அடைக்கலம் தந்தது. பிறகு நம் நாட்டிலும், ஜாம்நகருக்கு அருகே பாலாசடியிலும் கோலாப்பூருக்கு அருகே வளிவடேயிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. வேறு பலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றனர்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தந்தை போலந்துப் படையில் சேர்ந்து இத்தாலியில் மான்டே காசினோவில் போரிட்டார். தாயும் பிள்ளைகளும் முகாமில் காத்திருந்தனர். 1945இல் போர் முடிந்தது. ஆனால் அவர்களுடைய ஊர் வரைபடத்தில் சோவியத் நாட்டுக்குள் போய்விட்டது. திரும்பினால் மீண்டும் சைபீரியாதான் என்ற அச்சம் வேறு. எனவே தந்தை பிரிட்டனிலேயே தங்கினார். குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது.

1947இல் பிரிட்டன் போலந்து மீள்குடியமர்வுச் சட்டத்தை இயற்றியது. உதவித்தொகை, தங்குமிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு அது வழிசெய்தது. காலியாகக் கிடந்த ராணுவ முகாம்களும் விமானத் தளங்களும் அவர்களுக்கு வீடுகளாயின. வீடு என்றால் 'நிஸ்ஸன்' கொட்டகை: பாதி உருளை வடிவில் வளைத்த நெளித்தகரம், நடுவே ஒரு கரி அடுப்பு. ஒரே கொட்டகையைத் தடுத்து இரண்டு குடும்பங்கள் வசித்ததும் உண்டு. குளிப்பறையும் கழிப்பறையும் பொதுவானவை. குளிர்காலத்தில் தகரத்தின் உட்புறம் ஈரம் சொட்டியது.

ஆயினும் அந்த இடத்தை அவர்கள் ஊராக்கினார்கள். கொட்டகை முன் காய்கறி பயிரிட்டனர், பூச்செடி வைத்தனர். ஒரு கொட்டகை தேவாலயம் ஆயிற்று, மற்றொன்று பள்ளிக்கூடம். பலவித உழைப்பும் நாட்டுக்குத் தேவைப்பட்ட காலம் அது. ஆண்கள் சுரங்கத்துக்கும் செங்கல் சூளைக்கும் வயலுக்கும், பெண்கள் நூற்பாலைக்கும் சென்றனர். முன்னாள் அதிகாரியும் வழக்கறிஞரும் கூலி வேலை செய்ய நேர்ந்தது. மொழி தெரியாதவரின் படிப்புக்கு அங்கே மதிப்பில்லை. தங்கள் வேலை பறிபோகுமோ என்று உள்ளூர்த் தொழிற்சங்கங்கள் சில எதிர்ப்பும் தெரிவித்தன.

பிள்ளைகள் ஆங்கிலத்தை விரைவாகக் கற்றனர். கடையிலும் மருத்துவமனையிலும் பெற்றோருக்காகப் பேசும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. தாய்மொழி மறந்துவிடக் கூடாது என்று சனிக்கிழமைகளில் போலிஷ் வகுப்புகள் நடத்தப்பட்டன. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இளைய குடும்பங்கள் நகரங்களுக்குப் போயின. 1950களில் முகாம்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முதியவர்களும் நோயாளிகளும் பின்தங்கினர். டெவன் பகுதியின் இல்ஃபர்ட் பார்க் முகாம் 1948 முதல் 1992 வரை நீடித்தது. பிறகு அதே வளாகத்தில் அவர்களுக்கென முதியோர் இல்லம் கட்டப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. கூரையும் உணவும் அகதியின் முதல் தேவை. முழுத் தேவை அல்ல. அவருக்குச் சட்டத்தில் இடம் வேண்டும், கைக்கு வேலை வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், தன் மொழியில் பேச நாலு பேர் வேண்டும். இளையோர் வெளியேறிய பின் தங்கிவிடும் முதியவரையும் யாரேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும். உதவும் கைகள் முதல் மாதத்தோடு நின்றுவிடாமல் இருப்பதே உண்மையான அடைக்கலம்.