புது டயரும் முதல் 150 கிலோ மீற்றரும்

நம் வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். சீனி கிலோவுக்கு 50 சதம் குறைகிறது என்று காதில் விழுந்தால் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டுத்தான் மூடைக்கு விலை பேசுவார்கள். ஆனால் கடை மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டால், அதே முதலாளி பையனிடம் காசைக் கொடுத்து, "குறைஞ்ச விலையில ஒண்டப் போட்டுட்டு வா தம்பி" என்று அனுப்பிவிடுகிறார். உதிரிப்பாகக் கடையில் நிற்பவன் என்ற வகையில் இந்தக் காட்சியை நான் வாரத்தில் மூன்று நான்கு தடவையாவது பார்க்கிறேன். எந்த அளவு, எப்போது செய்தது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படும் ஒரே கேள்வி, "கடைசி விலை என்ன?"

இன்று நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வியாபாரம் குறைவு. கோழிக் கடை, பேக்கரி, புடைவை, பார்மஸி, தொலைபேசிக் கடை என எல்லாமே அதன் பின் ஆசனத்தில்தான் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் ஆரம்பத்தில்தான் தனியார் பாவனைக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளே இன்னும் பல கடைகளில் உழைக்கின்றன. எஞ்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம். வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் டயர்தான். அதுவும் ஒரு டயர் எந்நேரமும் வீதியைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுக்கு மேல் வராது. பிரேக் பிடிப்பதும் வளைவில் நிற்பதும் அந்த இரண்டு உள்ளங்கை ரப்பரின் தயவில்தான்.

டயரைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது திகதி. பக்கச் சுவரில் 'டிஓடி' என்ற எழுத்துகளோடு, அல்லது தனியே ஒரு சிறு கட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 1224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை. வெயில் படாமல், எண்ணெய் படாமல், முறையாக வைக்கப்பட்டிருந்தால் ஒன்றிரண்டு வருடம் கடையில் இருந்த டயரால் குற்றமில்லை. கடை வாசலில் வெயிலில் கம்பியில் தொங்கவிட்டதும் காற்றடிக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்ததும் வேறு கதை. ரப்பர் இறுகி, பக்கச் சுவரை மடித்துப் பார்த்தால் தலைமயிர் போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரியும். பூட்டியபின் ஐந்து வருடம் கடந்த டயரை வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கவும், செய்து பத்து வருடமானதை வெட்டு மீதமிருந்தாலும் கழற்றவும் பல உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டயருக்குக் கறுப்புப் பொலிஷ் தடவிப் பளபளப்பாக்கி, புதிய சரக்கின் விலைக்கே விற்பது குறையை மறைத்து விற்பதுதான். அது மார்க்கத்தில் எந்தக் கணக்கில் வரும் என்று நமக்குத் தெரியும். திகதியைக் காட்டி, "இது ரெண்டு வருஷத்துச் சரக்கு, அதனால இந்த விலை" என்று சொன்னால் வாங்குபவர் முடிவெடுத்துக்கொள்வார். வெளிப்படையாகச் சொல்லி விற்றதால் நட்டப்பட்ட கடையை நான் கண்டதில்லை.

அடுத்தது அளவு. நம் வீதிகளில் ஓடும் 100 சீசீ வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் 2.75-17, பின்னால் 3.00-17 வரும். சிலதுக்கு 18 அங்குல ரிம். வண்டியோடு வந்த புத்தகத்தில், அல்லது செயின் மறைப்பில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இருக்கும். அளவுக்குப் பக்கத்தில் 41பி, 50பி என்பது போல இலக்கமும் எழுத்தும் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எழுத்து வேகத்தைச் சொல்வது. ஜே என்றால் மணிக்கு 100 கிலோ மீற்றர், எல் 120, பி 150. நம் வீதிக்கு அதில் பிரச்சினை இல்லை. வியாபாரி பார்க்க வேண்டியது இலக்கத்தை. 41 என்றால் அந்த டயர் 145 கிலோ தாங்கும், 47 என்றால் 175, 50 என்றால் 190.

190 கிலோ பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் எடை சுமார் 110 கிலோ, அதில் 60 கிலோவாவது பின் சில்லில். ஓட்டுபவர் 70 கிலோ என்றால் அதில் 45 கிலோ பின்னால் விழும். மேலே 50 கிலோ அரிசி மூடை இரண்டை அடுக்கினால் மொத்தம் 205. மூடை பின் சில்லின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதைவிடவும் கூடும். டயர் அன்றே வெடிக்காது. நாளுக்கு நாள் உள்ளே நூல் அறுந்து, ஒரு நாள் பக்கச் சுவரில் முட்டை போல வீங்கும். சாமான் ஏற்றும் வண்டிக்கு டயர் வாங்கும்போது 6 பிளை டயர் இருக்கிறதா, அதன் பார இலக்கம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டி வந்தால் அது முச்சக்கர வண்டியின் வேலை.

அளவைக் கூட்டிப் போடுவது இளைஞர்களின் ஆசை. 3.00 வர வேண்டிய ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரைப் பூட்டினால் பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ரிம் அதைப் பக்கவாட்டில் நெருக்குவதால் மேற்பகுதி கூம்பிவிடும். வளைவில் வண்டி சாயும் விதம் மாறும், செயின் மறைப்பில் உரசும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். முதலாளியின் வண்டியில் அந்த அலங்காரத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

விலைக்கு வருவோம். ஒரு கணக்குக்காக 6,000 ரூபாய் டயர் 12,000 கிலோ மீற்றர் ஓடுகிறது என்றும், 9,000 ரூபாய் டயர் 20,000 ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கிலோ மீற்றருக்கு 50 சதம், இரண்டாவதில் 45 சதம். பூட்டுகூலியும் வண்டி நிற்கும் நேரமும் இதில் சேரவில்லை. உங்கள் வண்டிக்கு உண்மையான கணக்கு வேண்டுமென்றால் டயர் மாற்றிய அன்று மீற்றர் இலக்கத்தை பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, கடைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். இரண்டு டயர் மாறியபின் எவரிடமும் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்க வேண்டி வராது. இன்னொன்று: ஆகக் கூடுதலாக ஓடும் டயர்தான் சிறந்தது என்பதும் இல்லை. தேயாமல் ஓடுவதற்காக ரப்பரை இறுக்கமாகச் செய்திருந்தால் மழையில் அதன் பிடி குறையலாம். மலைநாட்டில் கடுகண்ணாவை ஏறி இறங்குபவரும் கரையோரத்தில் மணல் படிந்த நேர்வீதியில் ஓடுபவரும் ஒரே டயரைத் தேடுவதில் அர்த்தமில்லை.

பின் டயர்தான் சீக்கிரம் தேயும். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னுக்கு வருவதால் உயிரைக் காப்பது முன் டயர். பின்னால் பாதி தேய்ந்ததைக் கழற்றி முன்னால் போடுவது சிக்கனமே அல்ல.

பூட்டுமிடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். டியூப் டயர் என்றால் புது டயரோடு புது டியூப் போடுங்கள். பழைய டியூப் இழுபட்டுப் பெருத்திருக்கும். புது டயருக்குள் அது மடிந்து, அந்த மடிப்பிலேயே ஓட்டை விழும். கம்பிச் சில்லாக இருந்தால் உள்ளே ரிம் பட்டி சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் உருளும் திசைக்கு அம்பு அடையாளம் இருக்கும். சில டயர்களில் முன்னால் போட ஒரு திசையும் பின்னால் போட வேறு திசையும் காட்டியிருக்கும். மஞ்சள் பொட்டு இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேரே வர வேண்டும். ரிம்மில் ஏற்ற சவர்க்காரத் தண்ணீர் போதும். கிறீஸ், எஞ்ஜின் எண்ணெய் தடவவிடாதீர்கள். காற்றடித்தபின் ரிம் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிவர ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக அமரவில்லை, காற்றை இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும்.

இனித்தான் முக்கிய விடயம். புது டயர் போட்ட அன்று வண்டி மிகவும் பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். நிலைமை நேர்மாறானது. எங்கள் பகுதிப் புடைவைக் கடையொன்றின் ஊழியர் மாரி காலத்து மாலையொன்றில் இரண்டு டயரையும் புதிதாக மாற்றிக்கொண்டு, பின்னால் சாரப் பொதியுடன் புறப்பட்டார். பூட்டிய இடத்தில் அழகுக்காக டயர் முழுவதும் பொலிஷ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அரை மைல் கூட இல்லை. பாடசாலைச் சந்தியில் திரும்பும்போது வண்டி அப்படியே படுத்துவிட்டது. வேகமும் இல்லை, எதிரே வாகனமும் இல்லை. கால் எலும்பு இரண்டாக முறிந்து நான்கு மாதம் வீட்டில். மூன்று பிள்ளைகளின் தகப்பன். முதலாளி நல்ல மனிதர், சம்பளத்தை நிறுத்தவில்லை. "புது டயர்தானே போட்டோம், எப்படி சறுக்கியது?" என்பதுதான் கடைசிவரை அவருக்கு விளங்காத விடயம்.

விளக்கம் இதுதான். டயர் அச்சிலிருந்து வரும்போது அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அச்சில் ஒட்டாமல் கழற்றுவதற்காகப் பூசும் பொருளின் மிச்சமும் சில டயர்களில் படிந்திருக்கும். வீதியில் உரசி அந்தத் தோல் போய், ரப்பர் சற்று சொரசொரப்பாக வேண்டும். டயர் ரிம்மில் முழுமையாக அமரவும் நேரம் எடுக்கும். சவர்க்காரத் தண்ணீர் காயும்முன் பலமாகப் பிரேக் பிடித்தால் டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வை இழுக்கும். வால்வு சாய்ந்து நிற்கக் கண்டால் இதுவோ, காற்றுக் குறைவோதான் காரணம். மூன்றாவதாக, நடுவில் தேய்ந்து தட்டையான பழைய டயரில் பழகிய கைக்கு உருண்டையான புது டயர் திடீரென்று சாய்வதாகத் தோன்றும்.

ஆகவே முதல் 150, 160 கிலோ மீற்றருக்கு நிதானம். திடீர்ப் பிரேக், திடீர் இழுவை, அதிகச் சாய்வு மூன்றும் வேண்டாம். நேர்வீதியில் தொடங்கி, வளைவுகளில் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் உரசி, ஓரங்கள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தால் அந்த ஓரங்கள் இன்னும் புதியவைதான். மழை பிடித்தால் அந்த நாட்களில் வேகத்தைப் பாதியாக்குங்கள். சிலர் மண்ணெண்ணெயால், பெற்றோலால் துடைக்கிறார்கள். அது ரப்பரையே கெடுக்கும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். பொலிஷ் வீதியைத் தொடும் பகுதிக்கு அறவே கூடாது.

கடை வண்டிக்கு 150 கிலோ மீற்றர் என்பது மூன்று நான்கு நாள் ஓட்டம். வெள்ளிக்கிழமை கடை மூடும் ஊர்களில் வியாழன் மாலை டயரை மாற்றினால் மறுநாள் பாரமில்லாமல் ஓடிப் பழக்கலாம். கொழும்புப் பயணத்துக்கு முதல் நாள் இரவு மாற்றாதீர்கள். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு வண்டி ஓய்வில்லாமல் ஓடும் என்று தெரியும்போது, மாற்ற வேண்டியதை ஷஃபான் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். வண்டியைக் கையில் கொடுக்கும்போது, "டயர் புதுசு, ரெண்டு மூணு நாளைக்கு மெதுவா போங்க" என்று ஊழியரிடம் சொல்வதற்குச் செலவேதும் இல்லை. நம்மை நம்பி வந்த பிள்ளை அமானிதம். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவதில் பயனில்லை.

புது டயர் முதல் சில நாட்களில் சற்று விரியும், காற்றும் குறையும். 100 கிலோ மீற்றரில் ஒரு தடவை பாருங்கள். அதன்பின் வாரம் ஒரு முறை, காலையில், டயர் சூடாகும்முன். இந்தச் சிறிய வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் 25 றாத்தல், தனியே போகும்போது பின்னால் 28, பின்னால் ஆள் அல்லது பாரம் இருந்தால் 32 என்றுதான் இருக்கும். உங்கள் வண்டியின் ஸ்டிக்கர் என்ன சொல்கிறதோ அதுவே சரி. பாரம் என்று சொல்லி 40, 45 அடிப்பவர்கள் நடுப்பகுதியை மட்டும் தேய்த்து டயரை வீணாக்குகிறார்கள். குறைவாக ஓடினால் இரண்டு ஓரமும் தேயும், டயரும் சூடாகும்.

எப்போது கழற்றுவது என்பதை டயரே சொல்லும். பக்கச் சுவரில் சிறு முக்கோணம் இருக்கும் இடத்துக்கு நேரே, வெட்டுக்குள் ஒரு சிறு மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் காலம் முடிந்தது. மொட்டை டயரில் கத்தியால் புதிதாக வெட்டுப் போட்டு விற்பவர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். வெட்டுகிற இடத்தில் மிஞ்சியிருப்பது நூல் மட்டுமே. ஆகவே கழற்றிய டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஓரக் கம்பியை அறுத்து இரண்டாக வெட்டிவிட்டால் எவரும் மீண்டும் விற்க முடியாது. கடையின் பின்புறம் எறிந்து வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்கும் போடுவார். 2017இல் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளான நாடு இது.