ஒரு பல்புதானே என்று விடலாமா?

ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இன்று எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களில் இருக்கிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுப்பவர்கள், இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கும் தாய்மார்களே, வண்டியில் விளக்கு எரிகிறதா என்றும் கேட்டதுண்டா? கேட்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

விளக்கு யாருக்காக?

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் மரங்களும் கம்பத்து வீடுகளும்தான் இருந்தன. 1973-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகரம் கட்டத் தொடங்கியது. இன்று அடுக்குமாடி வீடுகள், அகன்ற சாலைகள், வரிசையாகத் தெருவிளக்குகள். இரவும் பகல் போல இருக்கும் அந்தச் சாலையில் ஹெட்லைட் எரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம்.

குறைவது உயிர்ப் பாதுகாப்பு! முன்விளக்கு நாம் சாலையைப் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. மற்றவர் நம்மைப் பார்ப்பதற்கும்தான். பஸ்ஸுக்கும் லோரிக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் சின்னஞ்சிறு உருவம். நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பும் காரோட்டிக்கு, எதிரே விளக்கில்லாமல் வருபவன் கண்ணில் படுவதற்குள் காரியம் கெட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

காரில் ஒரு விளக்கு மட்டும் பழுதானாலும் ஆபத்துதான். இருட்டில் எதிரே வருபவர் அதை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து, இடம் இருக்கிறது என்று முந்தப் பார்ப்பார். தெருவிளக்கே இல்லாத நம் செம்மண் சாலைகளில் இது இன்னும் மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை எல்லா வாகனங்களிலும் விளக்கு எரிய வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இரவு பகல் பேதமே இல்லை. 1995 நவம்பர் முதல் பட்டப்பகலிலும் அதன் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இதில் மலேசியா முந்திக்கொண்டது. 1992-லேயே இங்கு இந்த விதி வந்துவிட்டது. சிரம்பானிலும் ஷா ஆலத்திலும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, மோட்டார் சைக்கிள் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சுவிட்சு செய்த வேலை இது!

சிங்கப்பூரில் பதிவான மோட்டார் சைக்கிளுக்கு 3 வயது கடந்தால் ஆண்டுதோறும் சோதனை உண்டு. காருக்கு 3 முதல் 10 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் சோதனை. ஆங் மோ கியோவுக்குப் பக்கத்திலுள்ள சின் மிங்கில் இத்தகைய சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே விளக்குகளையும் பார்ப்பார்கள். வண்டியோடு வராத, கண்ணைப் பறிக்கும் எச்.ஐ.டி. விளக்கைப் பின்னால் வாங்கிப் பொருத்தவும் அங்கு அனுமதி இல்லை.

போலீஸ் நிறுத்தினால்?

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கேட்ட பத்திரங்களைக் காட்டுங்கள். "பல்பு இப்போதுதான் போனது" என்பது உண்மையானால் பணிவாகச் சொல்லுங்கள். சம்மன் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கெடுவுக்குள் கட்டிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. "காப்பிக் காசு" என்று நோட்டை நீட்டாதீர்கள்! சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், கொடுக்க முன்வருவதும் குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பல்பில் தொடங்கிய சங்கதி சிறையில் போய் முடிய வேண்டுமா? வேலையும் போகும், வீட்டு அடுப்பும் அணையும்.

வீட்டிலேயே செய்யலாம்

வாரம் ஒருமுறை அந்தி சாய்ந்ததும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் சுவரில் நேராக விழுகிறதா? பிரேக்கை அழுத்தும்போது பின்விளக்கு சிவக்கிறதா? பின்னால் நின்று பார்த்துச் சொல்லப் பிள்ளைகளையே பழக்குங்கள். கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்துவிடுங்கள். பின் இருக்கையில் பாரம் ஏற்றினால் முன்விளக்கு மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதையும் கவனியுங்கள்.

வழியில் விளக்கு அணைந்துவிட்டால், "முன்னால் போகும் காரின் வெளிச்சத்திலேயே போய்விடலாம்" என்று துணியாதீர்கள். வெளிச்சமான இடத்தில் ஒதுங்கி, பட்டறையைத் தேடுங்கள். வேலைக்குத் தாமதமானால் ஒரு நாள் ஏச்சோடு போய்விடும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. ஒரு பல்பின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். இன்று மாலை உங்கள் வீட்டு வண்டியைக் கொஞ்சம் பாருங்களேன்!