நெறி தவறிய நாள்

சென்ற ஆவணி விடுமுறையில் ஒருநாள், மூதூருக்குத் தெற்கேயுள்ள காட்டிலே தனியே நடக்கத் துணிந்தேன். துணைக்கு ஓராளைக் கூட்டிச் செல்லுமாறு இல்லாள் கூறியதைச் செவிமடுத்தேனல்லேன். பாதை இரண்டாகப் பிரிந்தவிடத்தில், அகன்றதே மாந்தர் வழியென்று கொண்டேன். அரைமணி நேரம் நடந்தபின் ஆவி பறக்கும் இலத்தியைக் கண்டு, அஃது யானைகளின் வழியென்று தெளிந்தேன். பாலையும் முதிரையும் செறிந்த அக்காட்டில் நாற்றிசையும் ஒன்றாகவே தோன்றின. முன்னே விரைந்தோடவே கால்கள் துடித்தன.

அப்போது றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயனை நினைந்தேன். 1660ஆம் ஆண்டு இதே கொட்டியாரக் கரையிலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டவன் அவன். 1679இல் தோழன் ஒருவனோடு தப்பியபோது, தமிழர் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் போக்கையே துணையாகக் கொண்டு, காடு கடந்து, மேற்குக் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அவன் பத்தொன்பது ஆண்டு பொறுத்தவன். எனக்கோ அரைநாட் பொறுமையும் இல்லை!

எனக்கு ஆறொன்றும் கிட்டவில்லை. புழுதியிற் பதிந்த என் காலடித் தடமே ஆறாயிற்று. அதனைப் பற்றி, பாதை பிரிந்தவிடத்துக்கே மீண்டேன்.

'நெறி' என்னும் சொல் வழியையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்குமென முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு உரைத்து வருகிறேன். பிழைத்த நெறியில் முன்னேறுதல் வீரமன்று; பிழைத்த இடத்துக்கு மீளுதலே அறிவு. இப்பொருளை அன்றுதான் யான் கற்றேன்.